ரோக்லைட்: இந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன?

பூதம் வளர்ப்பு, சீட்டுக்கட்டு, கேஷுவல், ரோக்லைட். இப்போது வரும் சின்ன வீடியோ கேம்கள் பலவற்றுக்கு இந்த நான்கு பட்டங்களும் ஒன்றாகவே ஒட்டிக்கொண்டு வருகின்றன. முதல் மூன்றையும் எப்படியோ புரிந்துகொள்ளலாம். நான்காவதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ‘ரோக்’ என்றால் போக்கிரி, ‘லைட்’ என்றால் இலேசு, ஆகவே ‘இலேசான போக்கிரி’ என்று எழுதியவர்களையும் பார்த்துவிட்டேன். ஒரு சொல் தமிழுக்குள் இப்படிப் பொருள் கெட்டு நுழைவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

‘ரோக்’ என்பது முதலில் ஓர் ஆட்டத்தின் பெயர். 1980 வாக்கில் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டாய், கிளென் விச்மேன் என்ற இரண்டு மாணவர்கள் எழுதியது. பிறகு பெர்க்லியில் கென் ஆர்னால்டும் சேர்ந்துகொண்டார். படம் எதுவும் கிடையாது, திரை முழுக்க எழுத்துகளும் குறிகளும்தான். மின்னஞ்சல் முகவரியில் போடுகிறோமே, அந்த @ குறிதான் நாயகன். ஏ முதல் இசட் வரையிலான ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26ம் அரக்கர்கள். பாதாளத்தில் தளம் தளமாக இறங்கி, ஒரு தாயத்தை எடுத்துக்கொண்டு உயிரோடு மேலே வர வேண்டும். பெர்க்லி வெளியிட்ட யூனிக்ஸ் இயங்குதளத்தோடு சேர்ந்தே போனதால் ஊர் ஊராகப் பல்கலைக்கழகக் கணினிகளில் பரவியது.

பெயரை வைத்தவர் டாய். அவர் நினைத்தது போக்கிரித்தனத்தை அல்ல. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசையாட்டத்தில் நாலைந்து பேர் கூட்டாகப் போவார்கள். இதில் ஆள் தனியாகப் போகிறான். அதனால் ‘ரோக்’. கட்டளை வரியில் தட்டச்சு செய்யச் சுருக்கமாக இருக்கும் என்பதும் ஒரு காரணம்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டில் வீடுவாசலின்றித் திரிந்தவர்களைக் குறித்தது. பிறகுதான் ஏமாற்றுக்காரன், போக்கிரி என்று பொருள் இறங்கியது. கூட்டத்தை விட்டுப் பிரிந்து திரியும் யானைக்கும் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். நம் செய்தித்தாள்கள் அதை ‘ஒற்றை யானை’ என்று எழுதுகின்றன. டாய் மனத்தில் இருந்த பொருளுக்குப் பக்கத்தில் நிற்பது இந்த யானைதான். ஆகவே ‘ரோக்’குக்கு நான் தனியன் என்பேன். (வைணவர்களுக்குத் தனியன் என்றால் ஆசிரியரைப் போற்றிப் பாடும் தனிச்செய்யுள். இரண்டுக்கும் குழப்பம் வராது.)

அடுத்து ‘ரோக்லைக்’. ‘ரோக்’கைப் போலவே 1980களில் பல ஆட்டங்கள் வந்தன. ‘மோரியா’, ‘ஹேக்’, அப்புறம் 1987இல் ‘நெட்ஹேக்’. 1993இல் யூஸ்நெட் என்ற பழைய இணையக் கலந்துரையாடல் வலையில் இவற்றுக்கெல்லாம் ஒரே கூரை போட வேண்டி வந்தபோதுதான் ‘ரோக்லைக்’ என்ற வகைப்பெயர் நிலைத்தது. குணங்கள் பல உண்டு, ஆனால் இரண்டு முக்கியம். ஒன்று, ஒவ்வொரு முறையும் பாதாளம் புதிதாகக் கலைத்து அடுக்கப்படும். மனப்பாடம் செய்து ஜெயிக்க முடியாது. இரண்டு, செத்தால் செத்ததுதான். பழைய சேமிப்பைத் திறந்து மறுபடி தொடர முடியாது. 2008இல் பெர்லினில் கூடிய ஆர்வலர்கள் இந்தக் குணங்களைப் பட்டியல் போட்டே வைத்தார்கள். தமிழில் ‘தனியன் வகை ஆட்டம்’ என்றால் போதும்.

இப்போது ‘லைட்’. 2013இல் வந்த ‘ரோக் லெகசி’ தன்னையே ரோக்லைட் என்று அழைத்துக்கொண்டது. சொல் பரவியதும் அதற்குப் பிறகுதான். அதில் வீரன் கோட்டைக்குள் போய்ச் சாகிறான். உடனே அவன் வாரிசுகள் மூவர் வந்து நிற்பார்கள், ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவருக்கு நிறக்குருடு, இன்னொருவருக்கு வேறு குறை. அப்பன் சேர்த்த தங்கம் பிள்ளைக்கு வரும். அதை வைத்து வீட்டைப் பெரிதாக்கினால் அடுத்த தலைமுறைக்குப் பலம் கூடும். ஆள் செத்தாலும் ஏதோ ஒன்று மிஞ்சுகிறது. அந்த மிச்சம்தான் ‘லைட்’.

அமெரிக்க பீர் விளம்பரங்கள் 1970களில் பிரபலமாக்கிய எழுத்துமுறையில் எழுதிய ‘லைட்’ இது (light அல்ல, lite), காரம் குறைந்தது என்ற பொருளில். தமிழ் எழுத்தில் வரும்போது அந்த வித்தியாசம் முழுக்கக் கரைந்துவிடுகிறது. நமக்கு லைட் என்றால் விளக்கு. இல்லாவிட்டால் ‘லைட்டா தலைவலி’ என்கிறோமே, அது. இரண்டுமே இந்த ஆட்டங்களின் உயிரைச் சொல்லவில்லை. ‘மென் தனியன்’ என்று மொழிபெயர்த்தாலும் அதே குறைதான். எவ்வளவு மென்மை என்பதல்ல கேள்வி, சாவுக்குப் பிறகு எது மிஞ்சுகிறது என்பதே.

முதலில் எச்சம் என்ற சொல்லைத்தான் எடுத்துப் பார்த்தேன். ஒருவர் தகுதியானவரா இல்லையா என்பது அவர் விட்டுச்செல்லும் எச்சத்தால் தெரியும் என்கிறது 114ஆம் குறள். பிள்ளைகள், புகழ் என்று எச்சத்துக்குப் பொருள் சொல்வார்கள். ‘ரோக் லெகசி’க்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. ஆனால் இன்று எச்சம் என்றால் காரின் மேல் காக்கை போட்டுவிட்டுப் போனதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஒரு வகைப்பெயருக்கு அந்தச் சுமை வேண்டாம்.

விட்டகுறை தொட்டகுறை என்கிறோமே, அது இந்த இடத்துக்கென்றே காத்திருந்த சொல். போன பிறவியில் முடியாமல் விட்டது இந்தப் பிறவியில் வந்து தொடர்கிறது. ஒரு குழந்தை யாரும் சொல்லித்தராமல் பாடினால் நம் பாட்டிகள் அப்படித்தான் சொல்வார்கள். ஆட்டத்துக்குள் நடப்பதும் அதுவே. ஆள் புதிது, பாதாளம் புதிது, ஆனால் போன பிறவியின் ஏதோ ஒன்று கைக்குள் இருக்கிறது. ஆகவே ரோக்லைட் என்பது விட்டகுறை ஆட்டம்.

சொல் சரியா என்று ஒரு நிஜ ஆட்டத்தில் வைத்து உரசிப் பார்ப்போம். ஷைனி ஷூ நிறுவனம் உருவாக்கி 2020இல் வெளிவந்த ‘மான்ஸ்டர் டிரெயின்’. நரகம் உறைந்துபோய்விட்டது. மிஞ்சிய நெருப்பை ஒரு ரயிலில் ஏற்றிக்கொண்டு நரகத்தின் உள்ளே போக வேண்டும். வானுலகப் படை வழியில் ஏறித் தாக்கும். ரயிலில் மூன்று தளம், அவற்றுக்கு மேலே நெருப்பு. கீழ்த்தளத்தில் ஏறும் எதிரி சாகாவிட்டால் சுற்றுக்கு ஒரு தளமாக மேலேறி நெருப்பை அடைந்துவிடுவான். நாம் சீட்டுகளை இறக்கித் தளங்களில் பூதங்களை நிறுத்துகிறோம்.

இதன் பெரிய பலம் வளர்ப்புதான். அம்ப்ரா என்று ஒரு குலம் உண்டு. அதன் சீட்டுகளில் தீனிச் சீட்டு என ஒரு வகை. அதைத் தளத்தில் வைத்தால் அங்கே நிற்கும் பூதம் அதைத் தின்றுவிடும், தாக்கும் பலமோ உயிரோ கூடும். நடுத்தளத்தில் ஒரு பூதத்தை நிறுத்திச் சுற்றுக்குச் சுற்று தீனி வைத்துப் பாருங்கள். சோறு ஊட்டுகிற அதே கவனம் வந்துவிடும். எதிரி ஏறி வரும்போது எண்ணைப் பார்க்க மாட்டீர்கள், நம்ம பிள்ளை தாங்குவானா என்றுதான் பார்ப்பீர்கள். ஆட்டம் வெளிவந்தபோது இதுபோல மொத்தம் ஐந்து குலங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டைச் சேர்த்து எடுக்க வேண்டும் என்பதால் கலவைகள் ஏராளம். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் போவது, எந்தக் கடையில் எந்தப் பூதத்துக்கு மெருகேற்றுவது என்று யோசிப்பதே தனிச் சுகம். ஒரே அமர்வில் ஒரு பயணம் முடிந்துவிடும், சண்டைகளை வேகமாக ஓட்டவும் முடியும். இது முழுக்க இலகுவான ஆட்டம் அல்ல, ஆனால் அலுவலகம் முடிந்து வந்து விளையாடத் தோதானது.

பலவீனமும் அந்த வளர்ப்பிலேயே இருக்கிறது. ஒரு பூதம் மிகையாக வளர்ந்துவிட்டால் மீதிச் சீட்டுகளுக்கு வேலை இல்லை. பயணத்தின் பின்பாதியில் அந்த ஒன்றை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பதாக ஆகிவிடுகிறது. சிறப்புச் சொற்களும் கூட்டம் கூட்டமாக வருவதால் முதல் சில நாள் சீட்டைப் படித்தே களைத்துப்போவீர்கள். எனக்கு இதைவிடப் பெரிய குறை வேறு. தீனி போட்டு ஏற்றிய பலம் அந்தச் சண்டையோடு போகிறது, கடையில் ஏற்றிய மெருகு அந்தப் பயணத்தோடு போகிறது. அடுத்த பிறவிக்கு மிஞ்சுவது குலத்தின் படிநிலை உயர்வும் புதிதாகத் திறக்கும் சில சீட்டுகளும் மட்டும். ஊட்டி வளர்த்த பிள்ளையின் பெயர் எங்கும் இல்லை. 2021இல் வந்த ‘தி லாஸ்ட் டிவினிட்டி’ இணைப்பில் ஒரு பூதத்தின் சாரத்தை எடுத்து இன்னொன்றில் ஏற்றலாம். சாரம் கொடுத்தது சீட்டுக்கட்டிலிருந்து போய்விடும். அதுவும் அந்தப் பயணத்துக்குள் மட்டுமே.

‘ரோக்லைட்’ என்ற பட்டத்தைப் படித்தால் இந்தக் குறை தெரியவே தெரியாது. விட்டகுறை என்று சொன்னால் கேள்வி தானாக எழுகிறது: எதை விட்டது? ‘ரோக் லெகசி’யில் விட்டகுறை கனம், இதில் கொஞ்சம்தான்.

மற்ற சொற்களில் அதிகச் சிக்கல் இல்லை. டெக் என்பது சீட்டுக்கட்டு. 2008இல் வந்த ‘டொமினியன்’ மேசையாட்டம், விளையாடிக்கொண்டே சீட்டுக்கட்டைச் சேர்ப்பதையே ஆட்டமாக்கியது. 2019இல் முழுதாக வெளிவந்த ‘ஸ்லே தி ஸ்பையர்’ அதைத் தனியன் வகையோடு இணைத்துப் பிரபலமாக்கியது. டெக்பில்டிங் என்பதற்கு ‘கட்டு சேர்ப்பு’ சரியாக வரும். மான்ஸ்டருக்கு அரக்கன் என்றால் கொல்ல வேண்டியவனாகத்தான் தோன்றும், வளர்க்கத் தோன்றாது. பூதம் நம் கதைகளில் கைகட்டி வேலையும் செய்யும், ஆகவே பூதமே பொருத்தம். கேஷுவல் என்பதற்குப் பொழுதுபோக்கு போதும்.

நண்பர் ஒருவர் கேட்டால் இனி இப்படிச் சொல்லலாம்: “மான்ஸ்டர் டிரெயினா? பூதம் வளர்க்கிற சீட்டுக்கட்டு ஆட்டம். கட்டு சேர்ப்பு பிரமாதம், விட்டகுறைதான் கொஞ்சம் கம்மி.”