வண்டிக்கடை மீன் வறுவல் ஒத்துக்கொள்ளவில்லையா? அன்று மாலையே புகார் கொடுங்கள்

மகன் வாந்தி பேதியோடு படுத்திருக்க, எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் அலைந்தார். உள்ளே கடற்கரை வண்டிக்கடையில் வாங்கிய இறால் வறுவல், மீதி நான்கு துண்டு. சுகாதார அலுவலகத்தில் "இது எங்க வேலை இல்லம்மா" என்றார்கள். உணவு பாதுகாப்பு அலுவலகத்தில் "வீட்டில் வைத்திருந்ததை எடுக்க முடியாது" என்றார்கள். இரண்டாவது பதிலில் விஷயம் இருக்கிறது. அதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை என்பதுதான் கொடுமை.

2006-ஆம் ஆண்டு உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி, வாங்கிய உணவைக் கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். ஆனால் சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். பசிக்கு மீன் வாங்குகிறவர் யார் அப்படிச் சொல்வார்?

ஆகவே டிபன் பாக்ஸை நம்பாதீர்கள். உணவு பாதுகாப்பு அலுவலரே கடைக்குப் போய் மாதிரி எடுக்க வேண்டும். மறுநாள் தட்டில் இருக்கும் மீனே வேறு. அன்று மாலையே தமிழ்நாடு உணவு பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு கடை நிற்கும் இடம், நேரம், படம் அனுப்புங்கள். நுண்ணுயிர் சோதனை வேண்டும் என்று எழுதியே கேளுங்கள்.

"அந்தக் கடைக்குப் பதிவே இல்லை" என்று திருப்பி அனுப்பினால் நகராதீர்கள். வண்டிக்கடைக்கும் பதிவு கட்டாயம், பதிவில்லாமல் விற்பதே விதிமீறல். "கொதிக்கிற எண்ணெயில் பொரித்ததில் கிருமி ஏது?" என்றும் கேட்பார்கள். பச்சை மீனில் மசாலா தடவிய அதே கைதான் பொரித்த துண்டையும் எடுத்துத் தருகிறது. போதாக்குறைக்கு, ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி விட்டுப்போன நச்சு மறுபடி பொரித்தாலும் அழியாது.

அப்புறம் இழப்பீடு. 65-வது பிரிவில் உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை உண்டு. பெரும்பாலும் இது கைநழுவுவது மருத்துவமனைச் சீட்டில்தான். "வயிற்றுப்போக்கு" என்று ஒரே வார்த்தை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். என்ன சாப்பிட்டது, எங்கே, எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மலத்தில் கிருமி வளர்ப்புச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள், அதுவும் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே. மாத்திரை உள்ளே போய்விட்டால் கிருமி சிக்காமல் போகலாம்.