மை இருக்கிறது, பிரிண்டர் காலி என்கிறது

கார்ட்ரிட்ஜை ரீஃபில் செய்து மாட்டியாயிற்று. எழுத்து கருகருவென்று விழுகிறது. ஆனால் கம்ப்யூட்டர் திரையில் மை அளவைக் காட்டும் பட்டை அடிமட்டத்திலேயே கிடக்கிறது. பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் வேறு. பிளஸ் டூ ரிசல்ட் வந்து காலேஜ் விண்ணப்பங்கள் குவியும் நாட்களில் சேலத்து ஜெராக்ஸ் கடைகளில் இந்தப் புகார் அடிக்கடி காதில் விழும்: "அண்ணா, நீங்க மை ஊத்தவே இல்ல. பாருங்க, காலின்னு காட்டுது." கடைக்காரர் ஊற்றித்தான் இருப்பார். அந்தப் பட்டை மையைப் பார்த்துச் சொல்வதில்லை என்பதுதான் விஷயம்.

ஹெச்பி, கேனனின் சாதாரண வீட்டு உபயோக இங்க்ஜெட் மாடல்களில், மையைத் தாளில் தெளிக்கும் ஹெட் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கும். அந்தச் சின்னத் தகட்டில் தலைமுடியைவிட மெல்லிய துளைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒவ்வொரு துளையை ஒட்டியும் ஒரு நுண்ணிய ஹீட்டர். அதில் மின்சாரம் பாய்வது ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரம்தான். அதற்குள் ஹீட்டரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மைப் படலம் 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறி ஆவிக் குமிழாக வெடிக்கிறது. குமிழ் தள்ளுவதில் ஒரு துளி வெளியே பறக்கிறது. குமிழ் சுருங்கும்போது ஏற்பட்ட வெற்றிடத்துக்குப் பின்னாலிருந்து புது மை வருகிறது. இது விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை நடக்கும்.

1977இல் கேனன் ஆய்வகத்தில் மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டு மை பீய்ச்சியடித்ததைப் பார்த்துத்தான் இசிரோ எண்டோவுக்கு இந்த யோசனை வந்தது. ஹெச்பி 1979இல் தனியாக இதே வழியைக் கண்டது. எப்சன் வேறு பாதையில் போனது: அங்கே சூடு கிடையாது, மின்சாரம் பாய்ந்தால் வளையும் பீசோ படிகம் மையைத் தள்ளுகிறது.

ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுமே, அங்கே இந்தக் குமிழ் சீக்கிரம் வராதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் சூடேறும் வேகம் அப்படிப்பட்டது. மை தன் கொதிநிலையைத் தாண்டி வெகுதூரம் போன பிறகே வெடிக்கிறது. அதனால் ஐந்து டிகிரி வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. மலையில் தொந்தரவு வேறு வழியாக வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது பட்டைக்கு வருவோம். ஒரு துளியின் அளவு 5 பிகோலிட்டர் (ஒரு பிகோலிட்டர் என்பது ஒரு மில்லியின் நூறு கோடியில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லி மையில் 20 கோடி துளி. எத்தனை துளி விட்டோம் என்று பிரிண்டருக்குத் தெரியும், ஒவ்வொன்றுக்கும் கட்டளை போட்டதே அதுதானே! அந்த எண்ணிக்கையோடு ஹெட் கிளீனிங்குக்குச் செலவான மையையும் சேர்த்து, புது கார்ட்ரிட்ஜில் இருந்த அளவிலிருந்து கழிக்கிறது. மளிகைக் கடை அக்கவுண்ட் நோட்டு மாதிரிதான்: போன சரக்கு பதிவாகும், பின்வாசல் வழியாக வந்த மூட்டையை யாரும் எழுதாவிட்டால் நோட்டில் இருப்பு ஏறாது. நாம் சிரிஞ்சில் ஊற்றுவது பின்வாசல் மூட்டை. ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்கும் ஓர் அடையாள எண் இருப்பதால், கழற்றி மாட்டினாலும் பழைய கணக்கே தொடரும்.

நிஜமாகவே பார்த்துச் சொல்லும் ஏற்பாடும் உண்டு. நிறத்துக்கு ஒரு தொட்டி என்று வரும் கேனன் மாடல்கள் சிலவற்றில் தொட்டியின் அடியில் ஒரு பட்டகம் (பிரிசம்) இருக்கும். மை தொட்டுக்கொண்டிருக்கும்வரை ஒளி மைக்குள் போய்விடும். மை இறங்கியதும் அதே ஒளி முழு அகப் பிரதிபலிப்பால் திரும்பி வந்து சென்சாரில் விழும். அதுவும் 'கீழே வந்துவிட்டது' என்பதை மட்டும்தான் சொல்லும். பாதி இருக்கிறதா, முக்கால் இருக்கிறதா என்பது அங்கேயும் கணக்குதான்.

சரி, என்ன செய்வது? பெரும்பாலான ஹெச்பி மாடல்களில் எச்சரிக்கைக்கு ஓகே கொடுத்தால் போதும், அச்சாகும். கேனனின் பல மாடல்களில் மை தீர்ந்ததைச் சொல்லும் ஈ13, ஈ16 (E13, E16) என்ற குறிகள் வந்தால் ஸ்டாப் பட்டனை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதோடு அந்தக் கார்ட்ரிட்ஜுக்குக் கணக்கு எழுதுவதை பிரிண்டர் விட்டுவிடும். டேங்க் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் திரையை மறந்துவிட்டுத் தொட்டியைக் கண்ணால் பார்ப்பதே மேல்.

கணக்கை நிறுத்திவிட்டால் காவல் நம்முடையது. கம்பெனிக்காரன் புதுசு விற்கத்தான் மிரட்டுகிறான் என்று சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், முழு உண்மை இல்லை. ஹீட்டரின் சூட்டை எடுத்துக்கொண்டு போவதே வெளியேறும் மைதான். மை இல்லாமல் ஓட்டினால் சூடு அங்கேயே தங்கி ஹீட்டர் கருகிவிடும். அதன்பின் எவ்வளவு ஊற்றியும் பயனில்லை. எழுத்தில் வெள்ளைக் கோடு விழ ஆரம்பித்ததுமே நிறுத்தி நிரப்புங்கள்.

நிரப்புவதில் கைப்பக்குவம் வேண்டும், ஆனால் அதன் அடியில் இருப்பது சுத்தமான இயற்பியல். இத்தனை துளைகள் கீழ்நோக்கித் திறந்திருந்தும் மை ஏன் ஒழுகுவதில்லை? உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் தன் நுண்துளைகளால் மையை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதனால் உள்ளழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும், சில சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் அளவுக்கு. ஸ்பாஞ்ச் நிரம்பி வழியும்வரை ஊற்றினால் பிடிமானம் போய் மை சொட்டும். வேகமாக ஊற்றினால் காற்று நடுவில் மாட்டிக்கொண்டு மை கீழே இறங்காது. நிரப்பிய ஓட்டைகளை மூடும்போது காற்றுத் துவாரத்தையும் சேர்த்து டேப் ஒட்டிவிட்டால், முதல் இரண்டு பக்கம் பளிச்சென்று வந்து மூன்றாவது மங்கும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி வரும். மை போன இடத்துக்குக் காற்று வர வழியில்லை, அவ்வளவுதான். டேப்பைக் கொஞ்சம் கிளப்பிவிட்டால் சரியாகிவிடும்.

அதே டேப்போடு கார்ட்ரிட்ஜ் ஏற்காடு போனால் கதையே வேறு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் உயரம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூடுகிறது. காற்றழுத்தம் சுமார் எட்டில் ஒரு பங்கு குறைகிறது. தண்ணீரின் உயரக் கணக்கில் சொன்னால் அந்தக் குறைவு ஒரு மீட்டருக்கு மேல். ஸ்பாஞ்சின் பிடிமானமோ சில சென்டிமீட்டர்தான். உள்ளே மாட்டிக்கொண்ட 7 மில்லி காற்று மேலே போவதற்குள் 8 மில்லி ஆகிவிடும். அந்த ஒரு மில்லிக்கு இடம் விட்டு மைதான் துளை வழியே வெளியே வர வேண்டும். எஸ்டேட் ஆபீஸுக்கோ பள்ளிக்கோ சேலத்தில் ரீஃபில் செய்து எடுத்துப் போகிறவர்கள் பையெல்லாம் மையாகிவிட்டது என்று கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. காற்றுத் துவாரம் திறந்திருக்க வேண்டும், முக்கால் அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது, முடிந்தால் மை பாட்டிலை மேலே கொண்டுபோய் அங்கேயே நிரப்ப வேண்டும். கீழே இறங்கும்போது நேர்மாறு: வெளிக்காற்று துளை வழியாக உள்ளே ஏறி, மை இருந்தும் வெறும் தாள் வரும்.

அப்புறம் அடைப்பு. மையில் பெரும்பங்கு தண்ணீர். சேலத்து வெயிலில் சில வாரம் பிரிண்டரைத் தொடாமல் விட்டால் அது காய்ந்து துளை அடையும். அச்சடிக்கும் நடுவில் கரண்ட் போனால் இன்னும் மோசம்: ஹெட் தன் மூடிக்குத் திரும்பாமல் பாதி வழியில் நின்றுவிடும். வேலை முடிந்ததும் சுவிட்ச் போர்டில் அணைக்காமல் பிரிண்டரின் பட்டனிலேயே அணைப்பதும் இதற்காகத்தான். அடைத்துவிட்டால் வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த டிஷ்யூ பேப்பர் மேல் ஹெட்டைச் சில நிமிடம் வையுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் அதே தண்ணீர்தான். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புக் கரடு இருக்கும் ஊர் இது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் உப்பு அந்தத் துளையில் படிந்தால் திரும்ப எடுக்க முடியாது.

ஹெட் கிளீனிங் பட்டனை வரிசையாக அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். இரண்டு தடவைக்கு மேல் பலன் இல்லையென்றால் ஓர் இரவு விட்டுப் பாருங்கள். கிளீனிங்கில் உறிஞ்சிய மை எங்கேயும் மாயமாவதில்லை. பிரிண்டரின் அடியில் மையை உறிஞ்சிக்கொள்ள வைத்திருக்கும் ஒரு திண்டில் போய்ச் சேருகிறது. அந்தத் திண்டு நிரம்பியதையும் பெரும்பாலும் கணக்குப் போட்டுத்தான் பிரிண்டர் சொல்கிறது. சாஃப்ட்வேரில் அந்தக் கணக்கை மட்டும் ரீசெட் செய்து கொடுப்பவர்கள் உண்டு. திண்டையும் மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மை மேசையில் வழியும்.