பாடகியின் நெற்றியில் இருக்கும் மைக் ஏன் ஊளையிடுகிறது?

இசை நாடக மேடைகளில் நேரும் கோளாறுகளில் செய்தித்தாள் வரை போவது பெரும்பாலும் இயந்திரங்களின் கோளாறுதான். 1997-இல் நியூயார்க்கின் பிராட்வேயில் டைட்டானிக் கப்பலின் கதை இசை நாடகமாக வந்தபோது, முன்னோட்டக் காட்சி ஒன்றில் மேடைப்பொறி ஒத்துழைக்காததால் கப்பல் மூழ்கவே இல்லை. 2010-இல் அதே பிராட்வேயில் ஸ்பைடர்மேன் நாடகத்தின் முதல் முன்னோட்டக் காட்சியில், கம்பியில் பறந்துவந்த நடிகர் பார்வையாளர்களின் தலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு தொங்கினார். இப்படிப்பட்டவை எப்போதாவது நடப்பவை. ஒவ்வொரு காட்சியிலும் நடக்கக் காத்திருக்கும் கோளாறு வேறு. அது அரிசி மணியைவிடச் சற்றே பெரிதான ஒரு மைக்கில் இருக்கிறது.

கோயில் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். வள்ளி பாட்டைத் தொடங்கும்போது திடீரென்று 'கூய்ங்' என்று மைக் ஊளையிடும். மைக் செட்காரர் ஓடிப்போய்த் திருகைக் குறைப்பார். அந்தக் கூச்சல் கருவி பழுதானதற்கு அடையாளம் அன்று. மைக், பெருக்கி, ஸ்பீக்கர் என்ற மூன்றும் சரியாக வேலை செய்வதால்தான் அது வருகிறது. ஸ்பீக்கரிலிருந்து வெளிவரும் ஒலியில் ஒரு சிறு பங்கு மறுபடியும் மைக்குக்கே திரும்புகிறது. மைக் அதைப் பாட்டிலிருந்து பிரித்தறியாமல் பெருக்கிக்கு அனுப்ப, அது மேலும் பெருத்து ஸ்பீக்கர் வழியாக மீண்டும் மைக்குக்கு வருகிறது. இந்தச் சுழற்சியை ஆராய்ந்த டென்மார்க் இயற்பியலாளர் சோரன் லார்சனின் பெயரால் இதனை லார்சன் விளைவு என்றும் சொல்வார்கள்.

மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே 7 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி ஆகும். அதாவது நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒலி 1 டெசிபல் (ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு; 10 டெசிபல் கூடினால் திறன் பத்து மடங்கு) மட்டுமே கூடினாலும், ஒரே நொடியில் 50 டெசிபல் ஏறிவிடும்; ஒலியின் திறன் ஒரு லட்சம் மடங்காகிவிடும். ஊளை படிப்படியாக வராமல் பாய்ந்து வருவதுபோல் தோன்றுவது இதனால்தான்.

மாறாக, ஒவ்வொரு சுற்றிலும் 1 டெசிபல் குறைந்தால் ஊளை எழாது. ஆனால் ஊளையிட இருந்த சுருதியில் எழும் ஒலி அடங்க ஒரு நொடிக்கு மேல் பிடிக்கும் என்பதால், பாட்டின் ஓரத்தில் தகர டப்பாவுக்குள் பாடுவதைப் போன்ற ஒரு மெல்லிய ரீங்காரம் ஒட்டிக்கொண்டிருக்கும். அனுபவமுள்ள ஒலியமைப்பாளர் ஊளைக்காகக் காத்திருப்பதில்லை. இந்த ரீங்காரம் காதில் பட்டதுமே ஒலியளவைக் குறைத்துவிடுவார். சுற்றுக்கு 6 டெசிபல் குறையும்படி இடைவெளி விட்டால் அந்த வால் 0.2 நொடிக்குள் மறைந்துவிடும், யாருக்கும் கேட்காது.

ஊளை ஏன் எப்போதும் ஒரே சுருதியில் நிற்கிறது? திரும்பிவரும் அலை, புதிதாகப் புறப்படும் அலையோடு மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் பொருந்தினால்தான் வளரும். 20 மில்லிநொடிச் சுற்றில் இந்தப் பொருத்தம் ஏறத்தாழ 50 ஹெர்ட்சுக்கு (நொடிக்கு 50 அதிர்வுக்கு) ஒரு முறை வாய்க்கும். அவற்றுள் அந்த அரங்கின் சுவர்களும் அந்த ஸ்பீக்கரும் அந்த மைக்கும் சேர்ந்து எதற்கு அதிகம் இடம் கொடுக்கின்றனவோ, அதுவே முதலில் எல்லையைத் தாண்டி மற்றவற்றை அமுக்கிவிடுகிறது. எனவே, நாடகத்துக்கு முன்பே வேண்டுமென்று ஊளையிடச் செய்து, எந்தச் சுருதி முந்துகிறது என்று கண்டுபிடித்து, சுருதிவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அதை மட்டும் வெட்டிவிடுகிறார்கள். (மைக் கத்தியவுடன் பதறிப்போய் அதன் தலையைக் கையால் பொத்துகிறோமே, அது நிலைமையை மோசமாக்கும். பின்புற ஒலியைத் தள்ளிவிடுவதற்காக மைக்கின் பக்கவாட்டில் உள்ள துளைகளை நம் கை அடைத்துவிடுவதால், அது எல்லாப் பக்கத்து ஒலியையும் வாங்கத் தொடங்குகிறது.)

கச்சேரி மேடையில் பாடகர் மைக்கை வாய்க்கு 3 சென்டிமீட்டர் அருகில் பிடித்துக்கொள்ளலாம். நாடகத்தில் அரசி கையில் மைக்கோடு அழ முடியாது. ஆகவே லண்டனிலும் நியூயார்க்கிலும் மைக்கை நடிகரின் நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில் ஒளித்துவைக்கிறார்கள். அங்கிருந்து வாய் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் தொலைவு. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். இங்கே இருமுறை இரட்டிப்பதால் 12 டெசிபல் இழப்பு. அதை ஈடுசெய்யப் பெருக்கத்தைத் திறனளவில் 16 மடங்கு ஏற்ற வேண்டும், ஊளையின் எல்லையோ அப்படியே நிற்கிறது. நடிகர் அகன்ற விளிம்புள்ள தொப்பியை அணிந்தாலே போதும். விளிம்பில் பட்டுத் திரும்பும் ஒலி மைக்கில் விழுந்து கணக்கைக் கலைத்துவிடும்.

இதோடு எண்ணிக்கையும் சேர்கிறது. திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிக்கும்போதெல்லாம் ஊளைக்கு முந்தைய இடைவெளியில் 3 டெசிபல் போய்விடும். 16 பேரின் மைக்குகளும் ஒருசேரத் திறந்திருந்தால் இழப்பு 12 டெசிபல். இதனால் எல்லா மைக்குகளின் ஒலியையும் கலக்கும் மிக்சரின் முன் இருப்பவர் நாடக வசனப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வசனத்துக்கு வசனம், பேசுபவரின் மைக்கை மட்டும் திறந்து, பேசி முடித்ததும் மூடுகிறார். இரண்டரை மணி நேரம் வாத்தியம் வாசிப்பதற்குச் சமமான வேலை அது. பார்வையாளருக்கோ அவர் தவறும்போது மட்டுமே கண்ணில் படுகிறார். அரை நொடி தாமதித்தால் வசனத்தின் முதல் சொல் காணாமல் போகும். மூட மறந்தால், உள்ளே போன நடிகர் உடைமாற்றும் அறையில் யாரைத் திட்டுகிறார் என்பது அரங்கம் முழுவதும் கேட்கும்.

காதலர் தழுவிக்கொள்ளும் காட்சி ஒலியமைப்பாளருக்குத் தனிச் சோதனை. ஒருவர் குரல் இருவர் மைக்கிலும் விழுகிறது. இரண்டு மைக்குக்கும் உள்ள தூர வேறுபாடு 17 சென்டிமீட்டர் என்றால், இரண்டாவது பிரதி அரை மில்லிநொடி பிந்தி வருகிறது. 1000, 3000, 5000 ஹெர்ட்ஸ் என்ற இடங்களில் இரு பிரதிகளும் எதிரெதிராக மோதிக் குரலில் குழிகள் விழுகின்றன. தலை அசைய அசையக் குழிகளும் இடம் மாறுவதால், குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் குரல் நெளியும். தழுவலின்போது ஒரு மைக்கை மூடிவிட்டு, மற்றதை வைத்தே இருவரையும் கேட்கச் செய்வதுதான் வழக்கமான தீர்வு.

அடுத்த எதிரி வியர்வை. மைக்கின் மெல்லிய கம்பி பொய்முடிக்குள் புகுந்து, கழுத்தின் பின்புறமாக இறங்கி, இடுப்பில் கட்டிய டிரான்ஸ்மிட்டரை அடைகிறது. மழை நாளில் துணிக்கொடி வழியே நீர் ஓடுவதுபோல, வியர்வையும் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஓடும். ஒரே ஒரு துளி மைக்கின் வாயை அடைத்தால் மேல் சுருதிகள் போய், குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். கீழே இணைப்பில் இறங்கினால் 'படபட'வென்று வெடிக்கும். டிரான்ஸ்மிட்டரை நனையாமல் காக்க ஆணுறைக்குள் போட்டுக் கட்டுவது அங்கே சாதாரண வழக்கம்.

டிரான்ஸ்மிட்டரிலிருந்து புறப்படும் வானொலி அலைக்கும் சங்கடங்கள் உண்டு. 500 மெகாஹெர்ட்சில் அலைநீளம் 60 சென்டிமீட்டர். நேராக வரும் அலையும் இரும்புச் சட்டங்களில் பட்டுத் திரும்பும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நடிகர் ஓரடி நகர்ந்தால் குரல் அறுந்துபோகலாம். ரிசீவரில் இரண்டு ஆன்டெனாக்களை வைத்து, எதில் அலை வலுவாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வதன் மூலம் இதைச் சமாளிக்கிறார்கள். அலைவரிசைகளைப் பங்கிடுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 500.0, 500.4 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் அருகருகே வந்தால், அவற்றின் கலப்பால் 499.6, 500.8 என்ற இடங்களில் பொய் அலைகள் பிறக்கும். சமமாகப் பிரித்து மூன்றாவது நடிகருக்கு 500.8-ஐக் கொடுத்தவர் மாட்டிக்கொண்டார். அதனால் இடைவெளிகளை வேண்டுமென்றே ஒழுங்கற்றதாக அமைக்க வேண்டியிருக்கிறது. இடமும் சுருங்கிவருகிறது: அமெரிக்காவில் இந்த மைக்குகள் 2010-இல் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியை விட்டும், 2020-இல் 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியின் பெரும்பங்கை விட்டும் வெளியேற்றப்பட்டன, இரண்டும் முதன்மையாகக் கைப்பேசிச் சேவைக்குப் போயின.

எஸ்.ஜி. கிட்டப்பா மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடினார் என்பது நம் நாடக உலகின் பெருமை. இன்றைய நாடகத்திலோ மின்கருவிகளும் கனத்த பின்னணி இசையும் இருப்பதால், மைக் செத்தால் எவ்வளவு பெரிய குரலும் மூழ்கிவிடும். எனவே முதன்மை நடிகர்களுக்குப் பொய்முடிக்குள் இரண்டு மைக்குகளையும் இரண்டு டிரான்ஸ்மிட்டர்களையும் கட்டுகிறார்கள். இரண்டும் போய்விட்டால், மேடையின் முன்விளிம்பில் தரையோடு பதித்த மைக்குகளின் ஒலியைக் கூட்டலாம். ஆனால் அவை வாயிலிருந்து 2 மீட்டருக்கு அப்பால் இருப்பதால், நெற்றி மைக்கோடு ஒப்பிட்டால் 24 டெசிபல் இழப்பு, மறுபடியும் ஊளை எல்லைக்கே வந்து நிற்க வேண்டும். அதற்கும் மேல் ஒரே வழிதான் உண்டு: பக்கத் திரைக்குப் பின்னால் ஒருவர் கைமைக் ஒன்றை முன்கூட்டியே இயக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். பதினெட்டாம் நூற்றாண்டு அரண்மனையில் அழுதுகொண்டிருக்கும் அரசி, பாட்டை நிறுத்தாமல் ஓரமாக நடந்துபோய், அதை வாங்கிக்கொண்டு திரும்பிவருவார். அந்த இடத்தில் அரங்கம் கைதட்டும்.