ஹைட்ரஜன் பொருளாதாரம்: சொல் விளக்கம்

பெட்ரோலும் நிலக்கரியும் செய்கிற வேலையை ஹைட்ரஜனிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டுக்கு 'ஹைட்ரஜன் எகானமி' என்று பெயர். வேதியியலாளர் ஜான் போக்ரிஸ் 1970-இல் ஓர் உரையில் சொல்லிப் புழக்கத்துக்கு வந்த தொடர்.

ஹைட்ரஜன் கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். 'ஹைட்ரோ' நீர், 'ஜென்' பிறப்பிப்பது. எரித்தால் நீர் உண்டாகிறது என்பதால் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே காலத்தில் இட்ட பெயர். இலங்கையில் ஐதரசன், தனித்தமிழில் நீரகம், நீரியம். தனிமத்துக்கு ஹைட்ரஜனே இருந்துவிட்டுப் போகட்டும், பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 'பொருளாதாரம்'தான் இடிக்கிறது, பட்ஜெட் ஞாபகம் வருகிறது. 'ஹைட்ரஜன்வழி ஆற்றல்முறை' என்பது என் தேர்வு. 'வழி' முக்கியம். ஹைட்ரஜன் தோண்டி எடுக்கும் எரிபொருள் போல அல்ல. பெரும்பாலும் வேறொரு ஆற்றலைச் செலவழித்துத்தான் அதைப் பிரிக்க வேண்டும்.

சிக்கலும் அங்கேதான். காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பிளந்தால் கிடைப்பது பசுமை ஹைட்ரஜன். ஒரு கிலோவுக்குச் சுமார் 50 யூனிட் செலவு. அதை எரிகலத்தில் (ஃபியூயல் செல்) திரும்ப மின்சாரமாக்கினால் 16, 17 யூனிட் தேறும். திரவமாக்க மைனஸ் 253 டிகிரி குளிர் வேண்டும், அதற்கும் மின்சாரம் தனி.

நெல்லைச் சீமைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் காத்தாடிகள் முழு மூச்சில் சுற்றுவது தென்மேற்குப் பருவத்தில். உபரி மின்சாரம் அப்போதுதான். தாமிரபரணியை நம்பிக் கார் பருவ நெல் நிற்பதும் அதே மாதங்களில். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர் நீர் என்பது நாட்டளவில் பெரிதில்லை: 2023-இல் ஒப்புதலான தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம் 2030-க்கு வைத்த இலக்கு ஆண்டுக்கு 50 லட்சம் டன். அத்தனைக்கும் சேர்த்தே வேதிக் கணக்கில் ஒன்றரை டி.எம்.சி.க்குச் சற்று மேல்தான். சுத்திகரிப்பு, குளிர்விப்பு எல்லாம் சேர்ந்தால் கூடும். ஆனால் ஆலை ஒரே ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் கடைமடைக்காரர் சும்மா இருப்பாரா? தூத்துக்குடிக் கடல்நீரைக் குடிநீராக்குவதே போல் நன்னீராக்கி எடுப்பதுதான் நியாயம். செலவு கொஞ்சம் ஏறும், அவ்வளவே.

அப்புறம், எதற்குப் பயன்படுத்துவது? காருக்கு என்றால் பேட்டரியே சிக்கனம். உரத்துக்கான அம்மோனியா செய்ய ஹைட்ரஜன் எப்படியும் வேண்டும். இன்று அது பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. தூத்துக்குடியில் உர ஆலை ஏற்கெனவே இருக்கிறது. முதல் குழாயை அங்கே போடலாம்.