கழற்ற வேண்டாத பேஸ்மேக்கர்

நிலாவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் 2012 ஆகஸ்ட் 25 அன்று இறந்தார். வயது 82. அந்த மாதத் தொடக்கத்தில்தான் அவருக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்திருந்தது. ஆபரேஷனில் குறை ஒன்றுமில்லை. எழுந்து நடக்கக்கூட ஆரம்பித்துவிட்டார். அப்புறம்தான் வந்தது வினை. இதயத் துடிப்புக்குத் துணையாகச் சில நாட்களுக்கு மட்டும் வைத்திருந்த பேஸ்மேக்கர் கம்பிகளை நர்ஸ் உருவி எடுத்தார். இதயத்தைச் சுற்றியிருக்கும் உறைக்குள் ரத்தம் கசியத் தொடங்கியது. அதற்குப் பிறகு செய்த சிகிச்சைகள் பலிக்கவில்லை. இந்த விவரமெல்லாம் 2019இல்தான் வெளியே தெரிந்தது.

பேஸ்மேக்கர் என்றதும் நம் நினைவுக்கு வருவது, தோள்பட்டைக்குக் கீழே தோலுக்குள் புதைத்து வைக்கும், பத்து வருடம் போல ஓடும் டைட்டானியம் டப்பா. இது அதுவல்ல. இதயத்தைத் தொட்டு ஆபரேஷன் செய்தால், அதற்குள் மின்துடிப்பைக் கடத்தும் தசையிழைகள் கொஞ்ச நாளைக்கு வீங்கிப்போய் வேலையைச் சரியாகச் செய்யாமல் போகலாம். பெரும்பாலும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். அந்த ஒரு வாரத்துக்காக இதயத்தின் மேல்பரப்பில் மெல்லிய கம்பிகளைத் தைத்து, மறுமுனையை மார்புத் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து, கட்டிலோரம் இருக்கும் ஒரு பெட்டியில் செருகுகிறார்கள். வேலை முடிந்ததும் உருவிவிடுவார்கள். அநேகமாகச் சிக்கல் இல்லாமல் வந்துவிடும். ஆனால் உடம்பு சும்மா இருப்பதில்லை. கம்பியைச் சுற்றித் தழும்பை வளர்த்துவிடும். அப்படி ஒட்டிப்போன கம்பியை இழுத்தால் தசையும் சேர்ந்து கிழியலாம்.

இந்தக் கம்பிக்கு வயது அறுபதுக்கு மேல். 1957இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லெஹை என்ற மருத்துவர், இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தைகளுக்கு அதை அடைத்துக்கொண்டிருந்தார். தையல் போடும்போது மின்பாதை அடிபட்டுச் சில குழந்தைகளுக்குத் துடிப்பு தடுமாறியது. இதயத்திலேயே கம்பியைத் தைத்து மின்சாரம் கொடுத்தால் துடிப்பு நிலைக்கு வந்தது. ஆனால் அந்தக் கருவி சுவர் பிளக்கில் ஓடுவது. அந்த வருடம் அக்டோபர் 31 அன்று ஊரில் கரண்ட் போனது. பேட்டரியில் ஓடுகிற மாதிரி ஒன்று செய்துதர முடியுமா என்று, மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்துவந்த ஏர்ல் பாக்கனிடம் லில்லெஹை கேட்டார். இசை பயில்பவர்கள் தாளத்துக்கு வைத்துக்கொள்ளும் மெட்ரோனோமின் சர்க்யூட் ஒன்று பழைய பத்திரிகையில் வந்திருந்தது பாக்கனுக்கு நினைவிருந்தது. அதை வைத்தே நாலு வாரத்தில் கைக்கடக்கமான ஒரு பெட்டியைச் செய்துவிட்டார். நாய்க்கு வைத்துச் சோதிக்கக் கொடுத்துவிட்டு மறுநாள் வந்து பார்த்தால், அது ஒரு குழந்தையின் இதயத்தை நடத்திக்கொண்டிருந்ததாம். இன்றைய நெறிமுறைக் குழுக்கள் கேட்டால் மயங்கி விழும்.

அதற்குப் பிறகு பெட்டி எவ்வளவோ மாறிவிட்டது. கம்பியை வைத்து, பின்னால் அதை உருவுவது மட்டும் அப்படியே நீடித்தது.

ஆம்ஸ்ட்ராங் இறந்த அடுத்த மாதமே, அவருக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்த ஜான் ராஜர்ஸும் கூட்டாளிகளும் தண்ணீரில் கரையும் எலக்ட்ரானிக்ஸைச் செய்துகாட்டியிருந்தார்கள். சிலிக்கான் கரையுமா? கரையும், நாளொன்றுக்குச் சில நானோமீட்டர் என்ற ஆமை வேகத்தில். சாதாரண சிப் ஒன்று அந்தக் கணக்கில் கரைந்து முடிவதற்குள் நம் பேரப்பிள்ளைகளின் காலமும் போய்விடும். ஆனால் சிலிக்கானை நானோமீட்டர் கணக்கில் மெல்லிய படலமாக்கிவிட்டால் சில வாரங்களில் காணாமல் போகிறது. மின்பாதைக்கு மக்னீசியம், மேலுறைக்குப் பட்டு என்று மற்றதையும் கரைகிற பொருளாகவே தேர்ந்தெடுத்தார்கள்.

பிறகு ராஜர்ஸ் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இதயத்தின் மின்னோட்டத்தை ஆராயும் இகோர் எஃபிமோவும் சேர்ந்துகொள்ள, 2021இல் இந்தக் குழு கரையும் பேஸ்மேக்கரை அறிவித்தது. எடை அரை கிராமுக்கும் குறைவு. பேட்டரி கிடையாது, கடையில் போனைத் தட்டிப் பணம் கட்டும்போது வேலை செய்கிற அதே வகை ரேடியோ அலையில் வெளியிலிருந்து மின்சாரம் போகும். வேலை முடிந்து, ஐந்திலிருந்து ஏழு வாரத்தில் முழுவதும் கரைந்துவிடும். உறையாகப் பயன்பட்ட பாலிமர் ஒன்றும் புதிய சரக்கல்ல. சிசேரியன் ஆனவர்களுக்குத் தானே கரைகிற தையல் போடுகிறார்களே, கிட்டத்தட்ட அந்தக் குடும்பம்தான்.

ஆனால் ரேடியோ அலையைப் பிடிக்க ஆன்டெனா வேண்டும். ஆன்டெனா இருக்கும்வரை கருவியை ஓரளவுக்கு மேல் சுருக்க முடியாது. நூற்றில் ஒரு குழந்தை இதயக் குறையோடு பிறக்கிறது. நெல்லிக்காய் அளவு இதயத்தில் அரை அங்குலம் கூடப் பெரிய இடம். 2025 ஏப்ரலில் அதே குழு நேச்சர் இதழில் வெளியிட்ட அடுத்த கருவி, இந்த ஆன்டெனாவையே தூக்கி எறிந்துவிட்டது. அதன் நீளம் 3.5 மில்லிமீட்டர், அகலம் 1.8, கனம் 1. ஓர் அரிசியைவிடச் சின்னது. ஊசி வழியாகவே உள்ளே செலுத்திவிடலாம்.

சரி, ஆன்டெனா இல்லாமல் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? எலுமிச்சம்பழத்தில் துத்தநாக ஆணியையும் செம்புக் கம்பியையும் குத்தி மின்சாரம் எடுக்கும் பள்ளிக்கூடச் சோதனை ஞாபகம் இருக்கிறதா? அதேதான். வெவ்வேறு பொருளாலான இரண்டு மின்முனைகள்; எலுமிச்சைச் சாற்றுக்குப் பதில் உடம்பின் நீர். கருவி உள்ளே போய் நனைந்ததுமே பேட்டரி தயார். இவ்வளவு சின்ன பேட்டரி போதுமா என்றால், போதும். இதயத்தைத் துடிக்கவைக்க அதன் மொத்தத் தசையையும் நாம் உலுக்க வேண்டியதில்லை. சரவெடியின் திரியில் ஒரு பொறி வைத்தால் மற்றதை வெடிகளே பார்த்துக்கொள்வது போல, ஓரிடத்துச் செல்களைத் தூண்டினால் அந்தத் துடிப்பு செல்லுக்குச் செல் தாவி இதயம் முழுக்கப் பரவிவிடும்.

அந்தப் பொறியை எப்போது வைப்பது என்று சொல்ல ஒரு சுவிட்ச் வேண்டுமே. அதற்குத்தான் ஒளி. மார்பின் மேல் பிளாஸ்திரி மாதிரி ஒட்டியிருக்கும் பட்டை துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்கும். துடிப்பு தவறினால், சரியான தாளத்தில் அகச்சிவப்பு ஒளியை மினுக்கும். அரிசிக் கருவியின் ஒரு பக்கத்தில் ஒளி பட்டால் மட்டும் வழிவிடும் டிரான்சிஸ்டர் இருக்கிறது. ஒளி வந்தால் மின்சுற்று முழுமையாகி, மின்சாரம் இதயத் தசைக்குள் பாயும், ஒளி போனால் நின்றுவிடும். தோலையும் எலும்பையும் தாண்டி ஒளி எப்படிப் போகும் என்று தோன்றலாம். இருட்டில் டார்ச்சை விரலில் அழுத்திப் பிடித்தால் விரல் சிவப்பாக ஒளிர்கிறது அல்லவா? மற்ற நிறங்களைச் சதை விழுங்கிவிட, சிவப்பு மிஞ்சி வெளியே வருகிறது. அதற்கு அடுத்திருக்கும் அகச்சிவப்பு இன்னும் ஆழம் போகும். இதயத்தின் வெவ்வேறு இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளை வைத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு அலைநீளத்தால் தனித்தனியாக இயக்கவும் முடியும் என்கிறார்கள். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இடறுகிற இடம் கால அளவு. கம்பி என்றால், நோயாளியைப் பார்த்துவிட்டு இன்றைக்கு உருவலாமா, நாளைக்கா என்று டாக்டர் முடிவு செய்யலாம். கரையும் கருவி எத்தனை நாள் ஓடும் என்பதை அது உள்ளே போவதற்கு முன்பே, எந்தப் பொருள், எவ்வளவு கனம் என்று ஆய்வகத்தில் முடிவு செய்தாக வேண்டும். ஒருவருடைய இதயம் ஐந்து நாளில் தேறும். இன்னொருவருக்கு மூன்று வாரம் ஆகலாம். அவசரப்பட்டுக் கரைந்தால் ஆபத்து, தாமதமாகக் கரைந்தால் பெரிய கேடில்லை. அதனால் தாராளமாகவே நாள் வைத்துச் செய்கிறார்கள். எலி, பன்றி, நாய் ஆகியவற்றிலும், உறுப்பு தானம் செய்தவர்களின் இதயங்களிலும் இந்த அரிசிக் கருவியைச் சோதித்த முடிவுகள் 2025 கட்டுரையில் இருக்கின்றன. உயிரோடு இருக்கும் நோயாளி யாருக்கும் வைத்துப் பார்த்ததாக அதில் இல்லை.