ஆலையில் எந்த அலாரம் ஒலிக்க வேண்டும்?

1860-இல் ட்ரூரோ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து இறங்கிய இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் அனுப்பினார்கள். அப்படி வந்த குடும்பங்களின் வழிவந்தவர்களில் சிலர் இன்று குவாசுலு-நேட்டால் சர்க்கரை ஆலைகளின் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பாய்லரையும் சாற்றை வற்ற வைக்கும் ஆவியாக்கிகளையும் கவனிக்கிறார்கள். இரவு ஷிப்டில் அவர்களுக்குத் துணை இரண்டு: திரை, அப்புறம் அலாரம். திரையைப் பார்த்தால்தான் தெரியும். அலாரத்துக்கு முதுகைக் காட்டி நின்றாலும் அது காதுக்கு வந்துவிடும். அதனால்தான் எதை ஒலிக்க வைப்பது என்பதை அவ்வளவு யோசித்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தத் துறையில் அலாரத்துக்குக் கறாரான விளக்கம் உண்டு. ஏதோ ஒன்று வழக்கத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். அதற்காக ஆபரேட்டர் குறித்த நேரத்துக்குள் ஏதாவது செய்தாகவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அலாரம். செய்வதற்கு ஒன்றுமில்லை என்றால் அது வெறும் தகவல். பதிவில் ஒரு வரியாக இருக்கட்டும், ஒலிக்க வேண்டாம்.

கேட்பதற்கு எளிது. ஆனால் கம்ப்யூட்டர் வந்த பிறகு இதைக் கடைப்பிடிப்பது கஷ்டமாகிவிட்டது. முன்பெல்லாம் ஒரு அலாரம் வேண்டுமென்றால் தனியாக வயர் இழுக்க வேண்டும், பலகையில் ஒரு விளக்குக்கு இடம் தேட வேண்டும். காசு செலவாகும் என்பதால் யோசித்தார்கள். இப்போது ஒவ்வொரு அளவீட்டுக்கும் மிகத் தாழ்வு, தாழ்வு, உயர்வு, மிக உயர்வு என்று நான்கு எல்லைகளைச் செலவில்லாமல் போட்டுவிடலாம். போட்டும் விடுகிறார்கள்.

விளைவு என்ன ஆகும் என்பதை 1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் உள்ள மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை காட்டியது. அன்று நடந்த வெடிப்பில் 26 பேர் காயமடைந்தார்கள். வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன் வந்த அலாரங்கள் 275. இரண்டு மூன்று விநாடிக்கு ஒன்று என்று வந்தால் யாரால் படிக்க முடியும்? அந்த ஆபரேட்டர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றைய வழிகாட்டுதல்கள் சாதாரண நேரத்தில் ஓர் ஆபரேட்டருக்குச் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு அலாரம் போதும் என்கின்றன. பத்து நிமிடத்தில் பத்தைத் தாண்டினால் அதை வெள்ளம் என்றே கணக்கில் எடுக்கிறார்கள்.

வெள்ளம் எப்படி வருகிறது என்பதை நம் ஆலையிலேயே பார்க்கலாம். பாய்லருக்குக் கரும்புச் சக்கை கொண்டுபோகும் பாதை அடைத்துக்கொள்கிறது. தீ தணிகிறது, நீராவி அழுத்தம் இறங்குகிறது, நீராவி டர்பைனில் ஓடும் அரவை உருளைகள் மெதுவாகின்றன, சாறு குறைகிறது, ஆவியாக்கியின் மட்டம் தாழ்கிறது. ஒவ்வொன்றும் தன் அலாரத்தை அடிக்கும். எல்லாமே உண்மை, ஆனால் காரணம் ஒன்றுதான். நல்ல அமைப்பில் முதலில் எது விழுந்தது என்பது தனியாகத் தெரியும். அரவை நின்றிருக்கும்போது "சாறு குறைவு" என்ற அலாரம் தானாகவே அடங்கியிருக்கும்; நின்றுபோன ஆலையில் சாறு எப்படி வரும்?

இன்னொரு தொல்லை, ஒரே அலாரம் விட்டு விட்டு அடிப்பது. தொட்டி மட்டம் 80 சதவீதத்தைத் தாண்டினால் ஒலிக்கும்படி வைத்திருக்கிறோம். மேற்பரப்பு அலையடிப்பதால் அளவு 79.8, 80.1, 79.9 என்று ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மணி! இதற்கு டெட்பேண்ட் என்று ஓர் இடைவெளி வைப்பார்கள்: 80-இல் ஒலித்தது 75-க்குக் கீழே இறங்கினால்தான் அடங்கும். மட்டத்துக்கு 5 சதவீதம், அழுத்தத்துக்கு 2, வெப்பநிலைக்கு 1 என்பது ஆரம்பத்துக்குச் சரியான அளவு. கூடவே, எல்லையைத் தாண்டிச் சில விநாடிகள் நிலைத்தால்தான் ஒலிக்க வேண்டும் என்று தாமதமும் வைக்கலாம்.

தாமதத்தில்தான் கவனம் தேவை. மட்டத்துக்கு 60 விநாடி என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துப் பாய்லர் ட்ரம்முக்கு, அதாவது தண்ணீரும் நீராவியும் பிரியும் தொட்டிக்கு, போட்டால் ஆபத்து. தண்ணீர் வரத்து நின்றால் ட்ரம் சில நிமிடங்களிலோ அதற்கும் முன்பாகவோ வற்றிவிடும். குழாய்கள் வெந்து போகும். அதே ட்ரம்மில் எதிர்மாறான ஏமாற்றும் உண்டு. திடீரென்று நீராவியை அதிகமாக இழுத்தால் அழுத்தம் குறைந்து தண்ணீருக்குள் இருக்கும் குமிழ்கள் பெருகுகின்றன. உண்மையில் தண்ணீர் குறைந்துகொண்டிருக்கும், மட்டமோ ஏறுவதாகக் காட்டும். எனவே உயர்மட்ட அலாரத்துக்குக் கொஞ்சம் தாமதம் கொடுக்கலாம், தாழ்மட்டத்துக்கு மிகக் குறைவாகவே கொடுக்க வேண்டும். இதை எந்த அட்டவணையும் சொல்லித் தராது. அந்தப் பாய்லரை ஓட்டியவரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய முடியும்.

இனி ஒலி. ஆபத்தை அறிவிக்கும் ஒலி சுற்றியிருக்கும் சத்தத்தைவிடக் குறைந்தது 15 டெசிபெல் கூடுதலாக இருக்கட்டும், 500 முதல் 2500 ஹெர்ட்ஸ் வரை உள்ள அலைகள் அதில் ஓங்கியிருக்கட்டும் என்கிறது ஐஎஸ்ஓ 7731 தரநிர்ணயம். மேல் வரம்பு எதற்கு? இரைச்சலில் பல வருடம் வேலை செய்த காது முதலில் இழப்பது 4000 ஹெர்ட்ஸ் அருகில் உள்ள ஒலிகளைத்தான். கீச்சென்ற மணி புதிதாக வந்த பையனுக்குக் கேட்கும், முப்பது வருடம் அரவைப் பக்கம் நின்ற அண்ணனுக்குக் கேட்காது. அதோடு, ஒரே சுருதியில் ஒலிக்கும் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். பல சுருதிகள் கலந்திருந்தால் தலை தானாகத் திரும்பும்.

அவசரத்தை வேகத்தில் காட்ட வேண்டும், உரக்க அலறுவதில் அல்ல. துடிப்புகள் நெருங்க நெருங்கக் காது அதை அவசரம் என்று எடுத்துக்கொள்கிறது. மூன்று நிலைக்கு மூன்று ஒலி போதும். மொத்த அலாரங்களில் மிக அவசரம் 5 சதவீதம், நடுத்தரம் 15, மற்றது 80 என்று பிரிப்பது நல்லது. மில்ஃபோர்ட் ஹேவனில் பெரும்பாலான அலாரங்கள் 'அவசரம்' என்றே குறிக்கப்பட்டிருந்தன. அப்படியானால் எதுவும் அவசரம் இல்லை என்றுதான் ஆகும். "அது சும்மாதான் அடிக்குது, விடுங்கண்ணே" என்று ஷிப்டில் ஒருவர் சொல்ல ஆரம்பித்துவிட்டால் அந்த அலாரத்தின் மதிப்பு போய்விட்டது. அப்புறம் ஸ்பீக்கரில் துணியை அடைப்பார்கள். அதற்கு ஆபரேட்டரைத் திட்டுவதைவிட, அந்த அலாரத்தை வைத்தவர் திரும்ப வந்து பார்ப்பதுதான் சரி.

நம் ஆலைகளுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. அரவைப் பருவம் ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை போகிறது. பழுது பார்ப்பதும் புதிய செட்டிங் போடுவதும் இடைப்பட்ட மாதங்களில் நடக்கின்றன. அப்போது ஆலை அமைதியாக இருக்கும். பிப்ரவரியில் "நன்றாகக் கேட்கிறது" என்று கையெழுத்துப் போட்ட ஹூட்டர், ஜூனில் உருளைகளும் விசிறிகளும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காமல் போகலாம். அதனால் ஒலிச் சோதனையை அரவை ஓடும்போது, பகல் ஷிப்டிலும் இரவு ஷிப்டிலும், காதில் பாதுகாப்பு மாட்டிக்கொண்டே செய்ய வேண்டும். அங்கே வேலை செய்பவர்களில் மிகவும் வயதானவரை நிற்க வைத்து அவரிடம் கேட்க வேண்டும்.