சொல் விளக்கம்: ஷீத்தக்கே – உலர் மணக்காளான்

சொல்: ஷீத்தக்கே
வழக்கில் எழுதப்படுபவை: ஷிடேக், ஷிட்டேக், ஷீட்டாகே
மூலமொழி: ஜப்பானியம்
நேர்ப்பொருள்: ஷீ மரத்துக் காளான்
தமிழில்: மணக்காளான், காயவைத்தது உலர் மணக்காளான்

ஜப்பானியத்தில் 'தக்கே' என்றாலே காளான்தான். மட்சு என்பது பைன் மரம். அதனடியில் முளைப்பது மட்சுத்தக்கே. எனோக்கி மரத்தில் வருவது எனோக்கித்தக்கே. அந்த வரிசையில் ஷீ மரத்தில் வருவது ஷீத்தக்கே. ஆகவே பொட்டலத்தில் 'ஷிடேக் காளான்' என்று அச்சிடுவது 'நடு சென்டர்' போன்றதுதான். சண்டைக்குப் போகும் அளவுக்குப் பிழையில்லை. ஆனால் 'ஷிடேக்' என்ற எழுத்துக்கூட்டல் உண்மையிலேயே தவறானது. ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதியது அது. தமிழில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே ஒற்றையாக வரும் ட, 'பாடம்' என்பதில் வருவதுபோல் மெலிந்து ஒலிக்கும். த, க ஆகியவையும் அப்படியே. ஜப்பானிய ஒலி வல்லொலி, அதுவும் பல்லில் பிறக்கும் த. அதைக் காட்ட நம்மிடம் இரட்டித்து எழுதும் வழி இருக்கிறது: ஷீத்தக்கே.

ஷீ என்பது ஓக் மரத்தின் பங்காளி, இலையுதிர்க்காத மரம். வேடிக்கை என்னவென்றால், இன்று ஜப்பானில் கட்டையில் வளர்க்கப்படும் ஷீத்தக்கே பெரும்பாலும் ஷீ மரத்தில் வளர்வதில்லை. குனுகி, கொனாரா என்ற இரண்டு ஓக் வகைகளின் கட்டைகளில்தான் வளர்கிறது. பெயர் மட்டும் பழைய மரத்தோடு ஒட்டிக்கொண்டது. முன்பெல்லாம் கட்டையைக் கோடரியால் கொத்திவிட்டு, காற்றில் வரும் வித்து விழுமா என்று காத்திருப்பார்கள். 1940களின் தொடக்கத்தில் மோரி கிசாக்கு என்பவர், காளான் இழை பரவிய சிறு மரத்துண்டுகளைக் கட்டையில் துளையிட்டு அடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதன்பிறகுதான் காத்திருப்பு நின்று விவசாயம் நிலைத்தது. ஜப்பானின் உலர் ஷீத்தக்கே உற்பத்தியில் முதலிடம் ஓயிட்டா மாநிலத்துக்கு.

அறிவியல் பெயர் லென்டினுலா எடோடெஸ். 'எடோடெஸ்' என்பதை டோக்கியோவின் பழைய பெயரான எடோவோடு சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. அது தற்செயலான ஒற்றுமை. உணவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. 'உண்ணத்தக்கது' என்று பொருள்.

ஒரே காளான், பல பொட்டலம்

கடையில் குழப்பம் தொடங்குவது சீனப் பெயர்களில். சீனத்தில் இதன் பொதுப்பெயர் சியாங்கு: மணக்கும் காளான். குளிர்காலத்தில் மெதுவாக வளர்ந்து, குடை விரியும் முன்பே பறிக்கப்பட்ட தடித்த காளான் தோங்கு: குளிர்காலக் காளான். இதே சொல்தான் ஜப்பானில் தோங்க்கோ ஆகிறது. குளிரும் வறட்சியும் சேரும்போது குடையின் மேல்தோல் காய்ந்து நின்றுவிட, உட்சதை வளர்ந்துகொண்டே இருக்கும். தோல் வெடித்து வெள்ளைக் கோடுகள் பூப்போல விரியும். அது ஹுவாகு: பூக்காளான். விலையில் உச்சம் இதுதான். நன்றாக விரிந்த பிறகு பறித்த மெல்லிய காளானுக்கு ஜப்பானில் கோஷின் என்று பெயர். இவை எல்லாமே ஒரே இனம். வேறுபடுவது பருவமும் பறித்த நேரமும்தான்.

ஆனால் 'பிளாக் மஷ்ரூம்' என்பதும் 'பிளாக் ஃபங்கஸ்' என்பதும் ஒன்றல்ல. முதலாவது இதே மணக்காளான். இரண்டாவது சீனத்தில் முஅர், அதாவது மரக்காது. வழுவழுப்பாக, கறுக்கென்று கடிபடும், தனக்கென்று மணம் இல்லாத வேறு காளான். அதைக் 'கருப்புப் பூஞ்சை' என்று மொழிபெயர்த்துவிட்டால் 2021இல் செய்தித்தாள்களை நிறைத்த நோயின் பெயராகிவிடும். மரக்காதுக் காளான் என்பதே சரி. மூலச்சொல்லும் அதைத்தான் சொல்கிறது. வட இந்தியாவிலிருந்து வரும் 'குச்சி'யும் வேறு. இமயமலைக் காடுகளில் பொறுக்கப்படும் தேன்கூடு போன்ற காளான் அது. தமிழில் 'குச்சிக் காளான்' என்று எழுதினால் யாரும் காம்பைத்தான் நினைப்பார்கள்.

தமிழில் என்ன சொல்வது

காளானுக்குச் சங்கப் பாடல்களில் உள்ள சொல் ஆம்பி. புறநானூற்றின் 164ஆம் பாட்டில், சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் 'ஆம்பி பூப்ப' என்று வருகிறது. சிறுபாணாற்றுப்படையில் கரையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் 'புழற்காளாம்பி' பூக்கிறது. உள்ளே துளையுள்ள காளான். இரண்டு இடத்திலும் அது வறுமையின் அடையாளம், உணவல்ல. வினை 'பூத்தல்' என்பதையும் கவனிக்கலாம். ஊறுகாயில் இன்றும் பூசணம் 'பூக்க'த்தானே செய்கிறது.

ஆம்பியைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை, காளான் போதும். சிக்கல் 'உலர்ந்த' என்ற பகுதியில் இருக்கிறது. 'காய்ந்த காளான்' என்றால் கவனிக்காமல் காய்ந்துபோனது போலத் தொனிக்கும். 'காளான் வற்றல்' அழகான சொல், ஆனால் வற்றல் என்றதும் உப்பும் மோரும் சேர்த்துக் காயவைத்து எண்ணெயில் பொரிப்பது என்ற எதிர்பார்ப்பு வந்துவிடுகிறது. இதில் உப்பே கிடையாது. நேராக எண்ணெயில் போட்டால் கருகித்தான் போகும். அதனால் பொதுவாக 'உலர் காளான்' என்பதும், இந்த இனத்துக்குச் சீனப் பெயரின் வழியே 'மணக்காளான்' என்பதும் பொருந்தும். மணத்தக்காளியோடு ஒலி உரசும் என்பது ஒரு சின்னக் குறை.

மணம் என்று பெயரில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இஞ்சி காய்ந்தால் சுக்கு என்று வேறு பெயரே வைத்தோம், ஏனென்றால் அது வேறு பண்டம். இங்கும் அப்படித்தான். பச்சை மணக்காளானில் அந்த ஆழ்ந்த மணம் இல்லை. காயவைத்து மறுபடி ஊறவைக்கும்போது, காளானில் உள்ள கந்தகச் சேர்மம் நொதிகளால் உடைந்து லென்தியோனின் என்ற மணப்பொருளாகிறது. சுவையும் அதேபோல. காயும்போது உயிரணுச் சுவர்கள் உடைகின்றன. ஊறிச் சூடாகும்போது உள்ளிருக்கும் ஆர்.என்.ஏ. சிதைந்து குவானிலேட் என்ற சுவைப்பொருள் உருவாகிறது. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் இக்கேதா கிக்குனாயே கடற்பாசிச் சாற்றில் குளுட்டமேட் என்ற பொருளைப் பிரித்து, அது தரும் ஆழ்ந்த சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். 1957இல் இன்னொரு ஜப்பானிய ஆய்வாளர் குனினாக்கா அகிரா, குவானிலேட்டும் அதே சுவை தருவது என்று காட்டினார். குளுட்டமேட்டும் குவானிலேட்டும் சேர்ந்தால் சுவை வெறுமனே கூடுவதில்லை, பெருகுகிறது. ஜப்பானியப் பௌத்த மடங்களின் சைவச் சாறு கொம்பு என்ற கடற்பாசியையும் ஷீத்தக்கேயையும் சேர்த்து எடுக்கப்படுவது இதனால்தான். மீனில்லாமலே சாற்றில் அந்தக் கனம் வந்துவிடுகிறது.

வாங்கும்போது

பொட்டலத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள் வெளிர்மஞ்சளாக, பால்கோவா நிறத்தில் இருக்க வேண்டும். பழுப்பேறிக் கறுத்திருந்தால் அதிகச் சூட்டில் காய்ந்தது, அல்லது ஈரம் பட்டுப் பழசானது. வெள்ளை வெளேரென்று இருந்து மூக்கில் ஏறும் நெடி அடித்தால் அதையும் விட்டுவிடலாம். காளான் கல்லென்று இறுகி, எடை இல்லாமல் இருக்க வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. பொட்டலத்தின் மூலையில் மாவுபோல் தூள் சேர்ந்திருந்தால் பூச்சி. உடைந்த தூளா, பூச்சித் தூளா என்ற சந்தேகம் வந்தால் குடையில் ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

முழுக் காளானைக் கடித்துச் சாப்பிடும் சமையலுக்குத் தோங்க்கோ. நறுக்கிச் சோற்றில் கலக்கவும் பூரணத்துக்கும் கோஷின் போதும். விலையும் குறைவு, சீக்கிரமும் ஊறும். பூக்காளானை வாங்கிப் பொடிப்பொடியாக நறுக்குவது வீண்.

வீட்டில் காற்றுப்புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்கவும். நம் பக்கத்து ஈரக்காற்றில் அலமாரியில் வைத்தால் மழைக்காலத்தைத் தாண்டாது.

ஊறவைத்தல்

பாதிப் பேர் கெடுப்பது இங்கேதான்: அவசரத்துக்கு வெந்நீரில் போடுகிறார்கள். மேல்தோல் ரப்பராகி, நடு கெட்டியாகவே நிற்கும். சுவையிலும் நட்டம் உண்டு. குவானிலேட்டை உண்டாக்கும் நொதி ஒன்று, உண்டானதைச் சிதைக்கும் நொதி இன்னொன்று. வெதுவெதுப்பான நீரில் இரண்டாவது சுறுசுறுப்பாகிவிடும். குளிர்நீரில் இரண்டுமே அடங்கிக் கிடக்கும், காளான் மட்டும் ஊறும். பிறகு மெல்லச் சூடேற்றும்போது 60–70 டிகிரியில் சிதைக்கும் நொதி செயலிழக்க, உண்டாக்கும் நொதி வேலை செய்யும்.

30 கிராம், அதாவது நடுத்தரத் தோங்க்கோ 6 அல்லது 7, தண்ணீரில் சட்டென்று அலசி 600 மில்லி குளிர்ந்த நீரில் போடுங்கள். மிதக்கும், மேலே ஒரு சிறு தட்டை வைத்து அமுக்குங்கள். மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். கோஷினுக்கு 5 மணி நேரம், தோங்க்கோவுக்கு ஓர் இரவு முழுக்க, தடித்ததானால் 24 மணி நேரம். குடையின் நடுவில், காம்பு சேரும் இடத்தை விரலால் அழுத்தினால் கெட்டி தட்டக் கூடாது. எடை ஏறத்தாழ 4 மடங்காகியிருக்கும். சமையல் மேடையில் இரவெல்லாம் ஊறவைக்க நம் வெயில் இடம் தராது, புளித்துவிடும். மரக்காதுக் காளானில் இது வெறும் புளிப்போடு நிற்காது. நாள்கணக்கில் அறைச்சூட்டில் ஊறிய மரக்காதில் பாக்டீரியா உண்டாக்கும் போங்க்ரெக்கிக் அமிலம் சீனாவில் உயிர்களையே பறித்திருக்கிறது. கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

ஊறிய நீரைக் கொட்டாதீர்கள், சுவையில் பாதி அங்கேதான். பத்து நிமிடம் அசையாமல் வைத்து, மெல்லிய துணியில் வடித்து, அடியில் மண் தங்கிய கடைசி இரண்டு கரண்டியை மட்டும் விட்டுவிடுங்கள்.

சமைத்தல்

ஜப்பானிய வீடுகளில் மாக்கி என்ற சோற்று உருட்டுக்குள்ளும் கலவைச் சோற்றின் மேலும் வரும் இனிப்புக் காளான் இது. ஊறிய 7 காளானின் காம்பை நறுக்கிவிட்டு, வடித்த நீரில் 300 மில்லியோடு சிறு தீயில் ஏற்றுங்கள். விரல் பொறுக்காத சூடு, ஆனால் குமிழி இல்லை என்ற நிலையில் சில நிமிடம் நிற்க வேண்டும். கொதி வந்ததும் நுரையை எடுத்துவிட்டு 2 மேசைக்கரண்டி சர்க்கரை, 10 நிமிடம். பிறகுதான் 2 மேசைக்கரண்டி சோயா சாஸ், இன்னும் 15 நிமிடம். சர்க்கரைக்குப் பின் உப்பு என்பது அங்குள்ள பால பாடம். சோயாவை முதலில் ஊற்றினால் உப்பு முந்திக்கொள்ளும், இனிப்பு உள்ளே இறங்காது. சாறு வற்றி, பாத்திரத்தைச் சாய்த்தால் பாகுபோல் மெல்ல ஓடும்போது இறக்கிவிடலாம். ஆறும்போதுதான் காளான் சாற்றை உள்ளிழுக்கும், ஆறவிட்டே நறுக்குங்கள்.

அரைவேக்காடு கூடாது. மணக்காளானைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிடும் சிலருக்கு ஓரிரு நாளில் முதுகிலும் வயிற்றிலும் சாட்டையால் அடித்தது போலக் கோடுகோடாகத் தடிப்பும் அரிப்பும் வரும். 1977இல் ஜப்பானில் முதலில் பதிவான இந்தத் தோல் அழற்சிக்குக் காளானில் உள்ள லென்டினான் என்ற பொருளே காரணமாகச் சொல்லப்படுகிறது. உலர்காளானை அரைத்த பொடியையும் இறக்கியபின் தூவாமல், கொதிக்கும்போதே போட வேண்டும்.

நறுக்கிய காம்பு எவ்வளவு வெந்தாலும் நாராகத்தான் இருக்கும். அதைக் காயவைத்துச் சேர்த்து வைத்தால், அடுத்த முறை சாறு எடுக்கும்போது போட்டு வடித்துக்கொள்ளலாம்.